அசையாத தசைக்கு ஒரு சான்றிதழ்

தசை அளவீட்டு மையத்தின் வாசலில் ஓடும் மனிதன் ஒருவனின் படம் ஆளுயரத்துக்கு மாட்டியிருந்தது. உள்ளே வேலை பார்த்தவர்கள் யாரும் ஓடியதில்லை. மையம் நான்காம் மாடியில் இருந்தது. லிஃப்ட் பழுதான நாட்களில் மையத்துக்கு விடுமுறை.

டிரைவரம்மா முதல்முறை அங்கே போனது அப்படியொரு நாளில்தான். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு தளத்திலும் நின்று மூச்சு வாங்கி, ஒருவழியாக மேலே போய்ப் பார்த்தால் கதவில் தாள் ஒட்டியிருந்தது. லிஃப்ட் இயங்காததால் உடற்பயிற்சி ஆய்வு இன்று நடைபெறாது.

அவள் பேருந்து ஓட்டுபவள். மார்பில் வந்த கட்டியை வெட்டி எடுத்து, மருந்து ஏற்றி, வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். கட்டி போனது. கூடவே காலும் போயிருந்தது. கால் உடம்போடுதான் இருந்தது, ஆனால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அவள் ஓட்டிய வண்டி பழையது. அதன் கிளட்ச் பெடலை அமுக்குவது கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிற முரடனைத் தள்ளுவது போல. இடதுகாலில் பலம் வேண்டும். அந்தப் பலத்தைத்தான் மருந்து தின்றுவிட்டது.

அவளை அங்கே அனுப்பிய டிப்போ மேனேஜர் நல்ல மனிதர். யாரையும் திட்ட மாட்டார், யாரையும் நம்பவும் மாட்டார்.

"கொஞ்ச நாள் பயிற்சி பண்ணா ஓட்டிடுவேன் சார்," என்றாள் டிரைவரம்மா.

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க. எனக்குப் பேப்பர் வேணும். ஆஸ்பத்திரியில தசையைப் படம் எடுத்துப் பார்க்கிறாங்களாம். கால் தேறிடுச்சுன்னு அங்க எழுதி வாங்கிட்டு வாங்க."

"வராட்டி?"

"தொலைந்த பொருள் அறை காலியா இருக்கு. நிரந்தரமா அங்க உட்கார்ந்துக்கலாம்."

அந்த அறையில் ஜன்னல் கிடையாது. குடைகள், சாப்பாட்டு டப்பாக்கள், யாரோ மறந்துவிட்டுப் போன பல்செட்டு, அவற்றுக்கு நடுவில் ஒரு நாற்காலி. டிரைவரம்மா அதை வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்தாள். சினிமாவுக்குப் போனாலே இடைவேளைக்குப் பிறகு கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று பார்க்கிறவள் அவள்.

"டிரைவர் வேலையும் உட்கார்ந்து செய்றதுதானேக்கா," என்றான் அவளுடைய கண்டக்டர். டிப்போவில் அவனுக்கு விசில் என்று பெயர்.

"உடம்புதான்டா உட்கார்ந்திருக்கும். ஊரு நகருமில்ல."

ஆகவே லிஃப்ட் சரியான மறுநாள் அவள் ஆய்வில் சேர்ந்தாள். புற்றுநோய்க்கு மருந்து எடுத்தவர்கள் உடற்பயிற்சி செய்தால் தசை தேறுகிறதா என்று பார்ப்பதுதான் ஆய்வு. பயிற்சி ஒரு கூடத்தில். அளப்பது பக்கத்து அறையில். தொடையில் ஜெல் தடவி, ஸ்கேன் கருவியின் தலையை வைத்தால், தோலுக்குக் கீழே தசை எவ்வளவு தடிமன் என்று திரையில் தெரியும். வலி கிடையாது, ஊசி கிடையாது. ஜெல் மட்டும் சில்லென்று இருக்கும்.

பயிற்சி கொடுத்தவன் ஒல்லியான இளைஞன். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்திருப்பதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம் என்பது அவன் கொள்கை. வாயைத் திறந்தால் "எழுந்திரிங்க" என்பான். நோயாளிகள் அவனுக்கு எழுந்திரி சார் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். முதல் வாரம் டிரைவரம்மா எழுந்திருக்கும்போது நாற்காலியும் கூடவே வந்தது. அப்புறம் நாற்காலி தரையிலேயே நின்றது. கொஞ்ச நாளில் சுவரில் பதித்திருந்த ரப்பர் பட்டையை இடதுகாலால் தள்ளிப் பழகினாள். பட்டை நீண்டுகொண்டே போனது.

"எந்த கியர்ல இருக்கீங்க?" என்பான் எழுந்திரி சார்.

"ரெண்டு விழுந்திருக்கு. மூணு இன்னும் முரண்டு பிடிக்குது."

இதுவரை எல்லாம் சரியாகத்தான் போனது. சிக்கல் பக்கத்து அறையில் ஆரம்பித்தது.

"காலைத் தளர்த்துங்கம்மா," என்றாள் ஸ்கேன் எடுக்கிற பெண்.

"தளர்த்தித்தான் வச்சிருக்கேன்."

"இல்லம்மா. எதையோ அமுக்குறீங்க."

"எதை அமுக்குறேன்?"

"எனக்கெப்படித் தெரியும்? இங்க படம் கலைஞ்சு கலைஞ்சு போகுது."

ஜன்னலுக்கு வெளியே, கீழே, சாலை வளைவில் பேருந்துகள் கியர் மாற்றிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு உறுமலுக்கும் டிரைவரம்மாவின் இடதுகால் தன்னை அறியாமல் முன்னால் போய் வந்தது. ஜன்னலைச் சாத்தினார்கள். காது கேட்காவிட்டாலும் கால் கேட்டது. தூக்கத்திலும் அவள் ஓட்டுவதாக வீட்டில் கணவர் சொல்வதுண்டு. அவர் ரொட்டி அடுப்புக்காரர். உதை வாங்கிய இடுப்போடு எழுந்துபோய் மாவு பிசைவார்.

துறைத்தலைவர் வரவழைக்கப்பட்டார். அவர் நடக்கும்போது உடம்பு அசையாது, தரைதான் பின்னால் நகர்வது போலிருக்கும். திரையைப் பார்த்தார். தொடையைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை.

"இந்தத் தசையிடம் ஒத்துழைப்பு இல்லை," என்றார். "பயிற்சிக்குப் பிறகு எத்தனை நேரம் ஓய்வு கொடுத்தீர்கள்?"

"பயிற்சி முடிஞ்சதும் நேரா வந்தாங்க சார்," என்றாள் ஸ்கேன் பெண்.

"அதுதான் தவறு. பயிற்சி செய்த தசையில் ரத்தம் பாய்ந்து தடித்திருக்கும். அது பொய்த் தடிமன். நமக்கு உண்மை வேண்டும்."

அதில் தவறொன்றும் இல்லை. அளப்பதற்கு முன்னால் சற்று ஓய்வெடுப்பது எல்லா இடத்திலும் உள்ள வழக்கம்தான். மையம் அந்த வழக்கத்தைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. முதலில், அளக்கிற நாளில் பயிற்சி கூடாது என்றார்கள். பிறகு முந்தின நாளும் கூடாது என்றார்கள். பேருந்து நிறுத்தத்திலிருந்து மருத்துவமனைக்கு நடந்து வருவதும் ஒரு பயிற்சிதான் என்று யாரோ கண்டுபிடித்தார்கள். வெளிவாசலில் சக்கர நாற்காலிகள் வரிசையாக வந்து நின்றன.

"உட்காருங்கம்மா, தள்ளிட்டுப் போறேன்," என்றார் காவலாளி.

"எனக்குக் கால் இருக்கு."

"அது ஆய்வுக்காம். நீங்க உபயோகப்படுத்தக் கூடாதாம்."

அவள் உட்கார்ந்தாள். இரண்டு கைகளும் தாமாகவே ஸ்டியரிங் பிடிக்கிற நிலைக்கு வந்தன. வளைவில் காவலாளி மோதப் பார்த்தபோது, "இடது பக்கம் ஒடிச்சுத் திருப்புங்கய்யா," என்றாள்.

இவ்வளவு ஓய்வுக்குப் பிறகு எடுத்த அளவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. அதனால் அடிக்கடி அளக்க வேண்டும் என்று முடிவாயிற்று. அடிக்கடி அளந்தால் அடிக்கடி ஓய்வு வேண்டும். ஓர் அளவுக்குப் பிந்தைய ஓய்வும் அடுத்த அளவுக்கு முந்தைய ஓய்வும் நடுவழியில் சந்தித்துக் கைகுலுக்கிக்கொண்டன. பயிற்சிக்கு இடமில்லாமல் போனது.

துறைத்தலைவர் ஊழியர்களையும் நோயாளிகளையும் கூட்டிப் பேசினார்.

"உடற்பயிற்சியால் தசை தேறுகிறதா என்பதே நம் கேள்வி. அதைத் துல்லியமாகக் கண்டறிவதற்கு இதுவரை நமக்கிருந்த ஒரே தடை உடற்பயிற்சி. அந்தத் தடையை இன்று அகற்றிவிட்டோம். இந்தத் துறையில் முப்பது ஆண்டுகளாக இருக்கிறேன். எத்தனையோ நோயாளிகள் குணமாகிப் போய்விட்டார்கள். ஒரு நல்ல படத்தைக்கூட விட்டுவிட்டுப் போகவில்லை. அந்த வருத்தம் எனக்கு உண்டு."

பயிற்சிக் கூடத்தில் ரப்பர் பட்டைகளைக் கழற்றிவிட்டுக் கட்டில்கள் போட்டார்கள். எழுந்திரி சார் ஓய்வுப் பயிற்சியாளர் ஆனான். சம்பளம் உயர்ந்தது. கட்டில்களுக்கு நடுவே நின்றுகொண்டு, பழக்கதோஷத்தில் "எழுந்..." என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, "படுங்க" என்பான்.

பயிற்சி அடியோடு நின்றுவிட்டதாக யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று, படுத்திருப்பவர்களுக்கு மற்றவர்கள் பயிற்சி செய்கிற படம் போட்டுக் காட்டினார்கள். படம் பார்க்கும்போது சிலருடைய கால்கள் துடித்தன. டிரைவரம்மாவின் கால் கட்டிலின் கம்பியை வளைத்துவிட்டது. படத்தையும் நிறுத்தினார்கள்.

ஓய்வுக்குத் தேர்வு வைத்தார்கள். டிரைவரம்மா திரும்பத் திரும்பத் தோற்றாள். தூங்கியவர்கள்கூடச் சிலர் தோற்றார்கள், குறட்டையில் வயிறு அசைந்ததால்.

அவள் துறைத்தலைவரின் அறைக்குப் போய் நின்றாள்.

"சார், எனக்கு அந்தப் பேப்பர் மட்டும் குடுத்துடுங்க. நான் வெளியில பயிற்சி பண்ணிக்கிறேன்."

"ஆய்வை முடிக்காதவர்களுக்குச் சான்றிதழ் கிடையாது."

"எப்ப முடியும்?"

"நிதி கொடுக்கிறவர்கள் பார்வையிட வருகிறார்கள். அன்றைக்கு அவர்கள் முன்னிலையில் நேரடி அளவு. அதுவரை உங்கள் தொடை அமைதியாக இருந்தால், அன்றே என் கையால் சான்றிதழ்."

டிரைவரம்மாவுக்கு வேறு வழி தெரியவில்லை. படுத்தாள். பேருந்துச் சத்தம் கேட்டால் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண்ணை மூடி, சிவப்பு விளக்கில் நிற்பதாக நினைத்துக்கொண்டாள். பச்சை வரவே இல்லை. நாளாக ஆகக் கால் துள்ளுவதை விட்டுவிட்டது. தேர்வில் தேறினாள். எழுந்திரி சார் வாழ்த்துச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் தலையணையைச் சரிசெய்தான்.

வீட்டில் செருப்பு ஏறவில்லை. கணவர் குனிந்து அவள் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது.

"இப்படி நின்னா அந்த மாவை நாங்க தூரப் போட்டுடுவோம்," என்றார்.

"பொண்டாட்டியையும் போட்டுடுங்க."

"ஆஸ்பத்திரிக்குப் போடி. மருந்து குடுத்த டாக்டரைப் பாரு."

மருந்து டாக்டரின் அறை மையத்துக்கு நேர் எதிரே இருந்தது. அந்த அம்மாள் காலை நன்றாகச் சோதித்தார்.

"ரத்தம் எங்கயும் உறையல, பயப்படாதீங்க. படுத்தே கிடக்கிறதால நீர் கோத்திருக்கு. நடங்க."

"எதிர்க் கதவுல படுக்கச் சொல்றாங்களே."

"அது எதிர்க் கதவு," என்றார் டாக்டர், கையைக் கழுவியபடி.

நீர் கோத்த விஷயம் எதிர்க் கதவுக்கு வேறு விதமாகத் தெரிந்தது. ஸ்கேன் பெண் கருவியைத் தொடையில் வைத்தாள். தடிமன் கூடியிருந்தது. அவள் திரையை உற்றுப் பார்த்தாள்.

"சார், நடுநடுவுல கருப்பா தெரியுது. நீர் மாதிரி இருக்கு."

"திரையின் வெளிச்சத்தைக் கூட்டு," என்றார் துறைத்தலைவர்.

கூட்டினாள். கருப்பு மறைந்தது. அன்று மாலை மையத்தில் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார்கள். நோயாளிகளுக்கு ஊட்டிவிட்டார்கள், கை அசையக் கூடாது என்பதற்காக.

பார்வையிட வந்தவர்கள் நல்ல உடை அணிந்திருந்தார்கள். கூடத்தில் பெரிய திரை கட்டியிருந்தார்கள். டிரைவரம்மாவைக் கட்டிலோடு உருட்டிக்கொண்டு வந்து நடுவில் நிறுத்தினார்கள். துறைத்தலைவர் கையில் குச்சியோடு பேசினார்.

"இதோ, இந்தத் தொடையைப் பாருங்கள். இங்கே வந்த புதிதில் இது எப்படி இருந்தது தெரியுமா? ஓயாத தொடை. ஒரு படத்துக்கு நிற்காது. நாற்காலியிலிருந்து எழுந்திருப்பது, பட்டையைத் தள்ளுவது என்று தன் சக்தியையெல்லாம் வீணாக்கிக்கொண்டிருந்தது. அதை நாங்கள் மீட்டெடுத்தோம். இன்று தடிமன் கூடியிருக்கிறது. படத்தின் தெளிவைப் பாருங்கள். கண்ணாடி போல இருக்கிறது. உடற்பயிற்சித் திட்டத்தின் வெற்றி இது."

கைதட்டினார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு பெண்மணி கையை உயர்த்தினார்.

"இவங்களால இப்ப நல்லா நடக்க முடியுதா?"

"அருமையான கேள்வி," என்றார் துறைத்தலைவர். "அது இந்த ஆய்வின் எல்லைக்குள் வராது."

அந்தப் பதிலும் திருப்தியாக இருந்ததால் மறுபடியும் கைதட்டினார்கள். படுத்திருந்தபடியே டிரைவரம்மாவின் மார்பின் மேல் சான்றிதழை வைத்தார்கள். இடதுதொடை மிகச் சிறப்பு என்று எழுதியிருந்தது. கூடவே வண்ணப் படம்.

மறுநாள் அவள் டிப்போவுக்குப் போனாள். மேனேஜர் படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். அது என்ன படம் என்று அவருக்குத் தெரியாது. தெரியாததனால் மரியாதை வந்தது.

"பிரமாதம். வண்டி தயாரா நிக்குது. எடுத்துட்டுக் கிளம்புங்க."

வண்டியில் ஆட்கள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஒரு கர்ப்பிணி, கூடைக்காரர் ஒருவர். விசில் படியில் நின்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "வாங்கக்கா. புது டிரைவர் பிரேக் போடுற போடுல நான் டிக்கெட் குடுக்கிறதுக்குள்ள மூணு பேர் மடியில உட்கார்ந்து எழுந்திருக்கேன்."

டிரைவரம்மா சீட்டில் ஏறினாள். ஏறுவதற்கே இரண்டு கையும் வேண்டியிருந்தது. என்ஜினைக் கிளப்பினாள். இடதுகாலைக் கிளட்ச்சின் மேல் வைத்து அமுக்கினாள். பெடல் பாதி தூரம் போய் நின்றது. மறுபடி அமுக்கினாள். தொடை நடுங்கியது. பாதியிலேயே கால் பின்னால் தள்ளப்பட்டது. கண்ணாடியில் கர்ப்பிணி தெரிந்தாள். வயிற்றின் மேல் பையை அணைத்துக்கொண்டு, வண்டி எப்போது கிளம்பும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிரைவரம்மா என்ஜினை அணைத்தாள். சாவியை எடுத்துக்கொண்டு இறங்கி மேனேஜர் அறைக்குப் போனாள்.

"என்னால முடியல சார். கிளட்ச் முழுசா போகல."

மேனேஜர் சான்றிதழை மறுபடி படித்தார். "போகுமே. மிகச் சிறப்புன்னு போட்டிருக்கே."

"போகல சார்."

"இங்க பாருங்கம்மா. பேப்பர்ல எல்லாம் சரியா இருக்கு."

"அப்ப அந்தப் பேப்பரையே ஓட்டச் சொல்லுங்க."

சாவியை மேசைமேல் வைத்தாள். உடல்தகுதி இருந்தும் வேலை செய்ய மறுத்ததாக அவளுக்கு மெமோ கொடுத்தார்கள். இனி வேலை தொலைந்த பொருள் அறையில். தண்டனைக்காலம் குறிப்பிடவில்லை.

அந்த அறையின் நாற்காலியில் முதல் நாள் அவள் உட்கார்ந்தாள். எழுந்தாள். உட்கார்ந்தாள். கையை ஊன்றாமல் எழுந்தாள். குடை தேடி வந்த ஒருவர், நாற்காலியில் ஏதோ கோளாறு என்று நினைத்துத் தன் குடையை வாங்காமலே போய்விட்டார். மதியங்களில் டிப்போவுக்குப் பின்னால் போனாள். அங்கே என்ஜின் செத்த பழைய வண்டி ஒன்று புல்லுக்கு நடுவே நின்றது. அதன் கிளட்ச் இன்னும் உயிரோடிருந்தது.

எழுந்திரி சார் விசாரித்துக்கொண்டு வந்து சேர்ந்தான்.

"வேலையை விட்டுட்டியாப்பா?"

"லீவு போட்டிருக்கேன். ஓய்வு வேணும்னு எழுதிக் குடுத்தேன். உடனே சந்தோஷமா குடுத்துட்டாங்க."

அவன் பயணிகள் இருக்கையில் உட்கார்ந்து பயிற்சி சொன்னான். ஒருநாள் வலித்தது. ஒருநாள் காய்ச்சல் வந்து படுத்துவிட்டாள். ஒருநாள் எரிச்சலில் எழுந்திரி சாரைக் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிவிட்டு, பெடலையும் திட்டினாள். கணுக்கால் மெல்ல வற்றி, செருப்பு ஏறியது. பெடல் ஒரு விரற்கடை, இன்னொரு விரற்கடை என்று இறங்கியது. ஒரு மதியம் தரையைத் தொட்டது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. காலை எடுக்கவும் இல்லை. வெகுநேரம் அமுக்கியபடியே உட்கார்ந்திருந்தாள்.

பிறகு மேனேஜரைத் தேடிப் போனாள்.

"சார், இப்ப ஓட்டுவேன்."

மேனேஜர் கையில் தேநீர் டம்ளரோடு முற்றத்தில், அவள் பழைய வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "பழைய சான்றிதழ் இருக்கும்போது நீங்கதான் ஓட்ட மாட்டேன்னீங்க. இப்ப ஓட்டணும்னா புதுசா ஒண்ணு வேணுமே. ஆஸ்பத்திரிக்குப் போய்..."

"ஏறுங்க சார்."

"எதுக்கு?"

"சும்மா ஏறி நில்லுங்க. சீட்டுல உட்கார வேண்டாம். கம்பியையும் பிடிக்க வேண்டாம்."

விசில் அதற்குள் வண்டிச் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டு, மேனேஜரின் முழங்கையைத் தாங்கிப் படியேற்றிவிட்டான். அந்த டிப்போவை அத்தனை வருடம் நடத்தியவர் அதற்கு முன் பேருந்துக்குள் நின்றதில்லை. தளும்பத் தளும்ப இருந்த தேநீரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். டிரைவரம்மா கிளட்ச்சை அமுக்கி, கியர் போட்டு, காலை மெல்ல மெல்ல விட்டாள். வண்டி நகர்ந்தது. முற்றத்தைச் சுற்றியது. இரண்டாவது கியர். வாசலைத் தாண்டிச் சாலையில் இறங்கியது. மூன்றாவது.

மேனேஜர் டம்ளரைப் பார்த்தார். தேநீர் லேசாக ஆடியது, அவ்வளவுதான். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

"நல்லாத்தான் ஓட்டுறீங்க," என்றார். ஒரு வாய் குடித்தார். "இருந்தாலும் ஒரு படம் இருந்தா நல்லா இருக்கும்."

டிரைவரம்மா பிரேக்கில் கால் வைத்தாள். முன்னால் நிறுத்தத்தில் ஆட்கள் கை காட்டிக்கொண்டிருந்தார்கள்.

விசில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேனேஜரின் அருகில் வந்து நின்றான்.

"எங்க இறங்கணும் சார்? டிக்கெட் எடுத்துடுங்க."